நகத்தளவு தகடு

ஆறு ஜோடி ஏழு டாலர்.
லுரீன் எடுத்துத் தள்ளுவண்டியில் போட்டாள்.
அந்தக் கடையில்தான் அவளும் கல்லாவில் நிற்கிறாள்,
அவளுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி.
நான் வாயைத் திறக்கவில்லை.
மில் ஓடிய காலத்திலேயே
வியாழக்கிழமை சம்பளம் வாங்கி
வெள்ளிக்கிழமை இங்கேதான் வந்து நின்றோம்.
நாங்கள் பின்னிய சாக்ஸ் இரண்டு அலமாரி தள்ளி இருந்தது,
மூன்று டாலர் கூட.
யார் எடுத்தோம்?

வீட்டுக்கு வந்து அட்டையைக் கிழித்து,
பழக்கதோஷம்,
ஒன்றினுள் கையை விட்டு விரல்களை விரித்து
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
குதிகாலுக்கு மேலே ஐந்தாம் வரிசை.
ஒரு கண்ணி விட்டிருந்தது.

இன்னொன்று.
அதே வரிசை, அதே இடம்.
பன்னிரண்டில் ஐந்து.
ஏழு டாலர் சாக்ஸை யார் விரித்துப் பார்க்கிறார்கள்?
ஓட்டை விழுந்தால் எறி, வேறு வாங்கு.

லுரீன், இங்கே வா என்றேன்.
இது நம் இருபத்தேழு.

*

அலபாமாவில், எங்கள் மலையடி ஊரில்,
நூற்று நாற்பத்து நான்கு ஊசிகளோடு
பத்தொன்பது வருடம் என் கைக்குள் ஓடிய எந்திரம்.
மழைநாளில் நொண்டும்.
இத்தாலியிலிருந்து ஆள் வந்து பார்த்தான்,
கோட்டைக் கழற்றினான், கோட்டைப் போட்டுக்கொண்டான், போனான்.
நான் ஒரு பீர் டின்னிலிருந்து
நகத்தளவு தகடு நறுக்கி
ஊசிகளை ஏற்றி இறக்கும் வளையத்துக்கு அடியில் செருகினேன்.
அதோடு அடங்கியது.
எந்தக் கையேட்டிலும் அது இல்லை.

மில்லை மூடியபோது
எந்திரங்களைக் கழற்றி எண்ணெய் பூசிப் பெட்டியில் அடைக்கிற வேலை
எங்களுக்கே கிடைத்தது,
மணிக்கு ஒரு டாலர் கூடுதலாக.
சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. நானும்தான்.
அப்புறம் மூன்று வாரம் ஹோண்டுராஸ், சோலோமா.
புது ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்தால்தான்
கணக்குத் தீர்க்கும் பணம் முழுசாக வரும்.

ஓஸ்மின் என்று ஒரு மெக்கானிக்.
என் வாயைப் பார்க்கமாட்டான், கையைப் பார்ப்பான்.
மதியம் பீன்ஸ் மடித்த ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து
என் பக்கம் நகர்த்துவான்.
சாப்பிட்டேன்.
சாப்பிட்ட கையோடுதான்
இருபத்தேழைப் பூட்டினோம்.
தகடு என் சட்டைப்பையில் இருந்தது.
மறதி என்று ரொம்ப நாள் சொல்லிப் பார்த்தேன்.
மறதி இல்லை.

அந்த எந்திரத்துக்கு யெசேனியாவை நிறுத்தினார்கள்.
டஜன் கணக்கில் கூலி.
கண்ணி விட்ட டஜன் கணக்கில் சேராது.
நான் கிளம்பிய நாள் மழை பிடித்துக்கொண்டது.
அவள் கையைச் சாக்ஸுக்குள் விட்டு, விரல்களை விரித்து,
நான் சொல்லிக்கொடுத்தபடியே
வெளிச்சத்தில் பிடித்தாள்.
பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
வேன் ஹாரன் அடித்தது.
போய் ஏறிக்கொண்டேன்.

*

பதினொரு வருடம் ஆகிறது.
தீர்ந்த பேட்டரிகளுக்கும் எந்தப் பூட்டுக்கென்று தெரியாத சாவிகளுக்கும் நடுவே
மேஜை இழுப்பறையில் கிடக்கிறது தகடு.
கவரில் போட்டு அனுப்பு,
எடை கூட இருக்காது என்றாள் லுரீன்.
கொஞ்ச நேரம் அவள் என்னைப் பார்க்கவில்லை.

அட்டையைத் திருப்பினேன்.
ஹோண்டுராஸ் என்று இல்லை.
எத்தியோப்பியா.

அப்படியென்றால்
ஓஸ்மினும் எண்ணெய் பூசியிருப்பான்.
பெட்டியில் அடைத்து ஆணி அடித்திருப்பான்.
எங்கோ போய் மூன்று வாரம்
யாருக்கோ கையைக் காட்டியிருப்பான்.
கிளம்பும்போது அவன் சட்டைப்பையிலும் ஏதாவது இருந்திருக்குமா?
இருக்காது.
ரொட்டியைப் பாதி பிய்க்கிறவன்
தெரிந்ததை எல்லாம் சொல்லியிருப்பான்.
நான் கொடுக்காததை மட்டும்
அவனால் கொடுக்க முடிந்திருக்காது.

லுரீன் ஊசி கோத்துவிட்டாள்.
இருபத்திரண்டு வருடம் விரல்முனை தைத்த கை,
கண்ணாடி போடாமலே
விட்ட கண்ணியைத் தேடிப் பிடிக்கிறது.
மூன்றாவது சாக்ஸில் நிமிர்ந்து கேட்கிறாள்:

எத்தியோப்பியாவில்
மழைக்காலம் எந்த மாசம்?